மூன்றாவதாக வைத்த காவல்

அந்த அச்சகத்துக்குப் பென் டிரைவோடு வருகிறவர் யாராக இருந்தாலும் நேரே உள்ளே போய்விட முடியாது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இடது கைப்பக்கம் ஒரு மேசை. மேசைமேல் பழுப்பேறிப்போன கணினி ஒன்று, பிளாஸ்டிக் கிண்ணங்கள் மூன்று, அவற்றுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பெண். அவளிடம் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு எதிரே கிடக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். நகரசபைத் தலைவரே ஒருமுறை வந்தார். அவருக்கும் அதே பெஞ்சுதான்.

"செக்போஸ்ட் அக்கா" என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் மெஷின்காரர். பெரிய அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர். வாயும் அந்த இயந்திரம் மாதிரியே, ஓட ஆரம்பித்தால் லேசில் நிற்காது. "அக்கா, என் டிபன் பாக்ஸையும் சொருகிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவீங்களா?" என்பார்.

"காலி டப்பாவுல பிடிக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்கதான் வர்ற வழியிலேயே தின்னு முடிச்சிருப்பீங்களே" என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வருகிற பென் டிரைவ்களில் பாதிக்கு ஏதாவது நோய் இருக்கும். கல்லூரிக்காரர்கள் கொண்டுவருவதில் கட்டாயம் இருக்கும். அதனால் அவளுடைய கணினியில் மூன்று காவல்கள். முதலாவது காசு கொடுத்து வாங்கியது, வைரஸைத் தேடும். இரண்டாவது இலவசமாக இறக்கியது. ஒளிந்திருந்து வேவு பார்க்கிற நிரல்களை அது மோப்பம் பிடிக்கும். மூன்றாவது பென் டிரைவுக்கென்றே எழுதிய சின்ன நிரல். ஒவ்வொன்றிடமும் ஒரு பட்டியல் உண்டு: இன்ன இன்ன கெட்டவன், அவனுடைய அங்க அடையாளம் இது என்று. முதல் சோதனை முடிந்த பென் டிரைவ் முதல் கிண்ணத்துக்குப் போகும், இரண்டாவது முடிந்தால் இரண்டாவதுக்கு. மூன்றாம் கிண்ணத்துக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் வாடிக்கையாளர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கலாம்.

அந்த மூன்றாவது காவல் கடையில் வாங்கியதில்லை. அவளுடைய தம்பி எழுதியது. சோதனை முடிந்ததும் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் திறந்து, "முடிஞ்சது அக்கா" என்று எழுத்து வரும். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பென் டிரைவைக் கையில் எடுப்பாள். தம்பியைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவனிடமிருந்து அவளுக்கு வருகிற பேச்சு அந்த இரண்டே சொல்தான்.

அவர்கள் ஐந்து பிள்ளைகள். அவள் தலைச்சன், அவன் கடைக்குட்டி. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போய்விட, நடக்கிற வரைக்கும் அவன் இருந்தது அக்காவின் இடுப்பில். அவளுக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனபோது, அவன் பள்ளிக்கூடப் பையோடு அங்கேயே வந்துவிட்டான். "சீதனமா ஒரு மச்சானையும் குடுத்தாங்க" என்று அவள் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். படித்து முடித்ததும் அச்சகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள அவனைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். வாசலில் அவள், உள்ளே அவன். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

அதைக் கெடுத்தது ஒரு பென் டிரைவ்.

அந்தச் சமயம் அவள் கணவர் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மின்சார வேலை பார்க்கிறவர், பிழைத்ததே பெரிது. அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர், பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்துக்கொண்டவர், எல்லாம் அவர் தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன். அந்தக் கொழுந்தன் ஒருநாள் காலையில் தன் சைக்கிள் கடைத் திறப்புக்கு நோட்டீஸ் அடிக்க பென் டிரைவோடு வந்து நின்றார். "என்ன அண்ணி, நானும் பெஞ்சுல உக்காரணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. நம்ம ஆளுதானே என்று வாங்கி, சொருகிப் பார்க்காமலே உள்ளே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆறு கணினியும் செத்துக் கிடந்தன. எதைத் திறந்தாலும் பூட்டு. பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றுக்கு இரண்டு மாதமாகச் செய்த பக்க அமைப்பு முழுவதும் போய்விட்டது. முதலாளி கத்திய கத்தலில் மெஷின்காரரே வாயை மூடிக்கொண்டு நின்றார். எந்த மெஷினில் எப்போது என்ன சொருகினார்கள் என்ற குறிப்பைத் தம்பி ஏற்கெனவே பார்த்துவிட்டான். அவனுக்குத் தெரியும். "யாருடா அதை சோதிக்காம விட்டது?" என்று முதலாளி கேட்டபோது, "நான்தான் சார், அவசரத்துல போட்டுட்டேன்" என்றான். அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அவள் நான்கடி தூரத்தில் கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றாள். வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. வீட்டில் படுத்துக்கிடந்தவரும், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மகளும், இந்த ஒரு வேலையும் அவள் நாக்கைப் பிடித்து வைத்துக்கொண்டன.

தம்பியை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். உறவு சும்மா இருக்குமா? பெரியப்பா, சித்தி, மாமன், மச்சான் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை. "ஒரு கதவைக் காக்கத் தெரியலை, இவனை நம்பி யார் பொண்ணு குடுப்பாங்க" என்று பெரியத்தை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள், முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து அச்சகத்துக்கு வந்து, அந்தச் சின்ன நிரலை அவள் கணினியில் போட்டுக் கொடுத்தான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொன்னான். அவளும் பொத்தானைப் பற்றியே கேட்டாள். வேறு எதையும் இரண்டு பேரும் பேசவில்லை. அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான்.

இப்போது முதலாளிக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவர் மகள்தான் அச்சகத்தை நடத்துகிறாள். எல்லாருக்கும் அவள் சின்ன முதலாளி. கெட்டிக்காரப் பெண், சத்தமும் போடமாட்டாள், சொன்னதை மாற்றவும் மாட்டாள்.

கல்லூரிகளின் சேர்க்கைப் புத்தகங்கள் குவிகிற ஒரு திங்கட்கிழமை அது நடந்தது. முதல் காவலும் இரண்டாவது காவலும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டன. சாதாரணமாக ஒன்றைத் தூங்கவைத்துவிட்டுத்தான் மற்றதை அக்கா எழுப்புவாள். அன்றைக்கு ஏதோ புதுப்பிப்பு வந்து அவளைக் கேட்காமலே இரண்டும் எழுந்துவிட்டன. முதலாவது ஒரு வைரஸைப் பிடித்து ஓர் அறையில் அடைத்தது. இரண்டாவது அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, "இதோ வைரஸ்" என்று அதைப் பிடித்தது. அதைப் பார்த்து முதலாவது மறுபடி பிடித்தது. இப்படியே இழுபறி. கணினி உறைந்து போய் இரண்டு மணி நேரம் அசையவில்லை. பெஞ்சில் பதினோரு பேர். அவர்களில் நாலு பேர் எழுந்து எதிர்த் தெரு அச்சகத்துக்குப் போனதைச் சின்ன முதலாளி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

புதன்கிழமை சின்ன முதலாளி கூப்பிட்டு, கணினிக் காவல் நிரல் விற்கிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நடுத்தர வயது, நல்ல மனிதர், தோளில் கறுப்புப் பை. பேச்சுக்குப் பேச்சு "எல்லாத்துக்கும் ஒரே மருந்து" என்று சொன்னதால் மெஷின்காரர் அரை மணி நேரத்துக்குள் அவருக்கு ஒரே மருந்து என்று பெயர் வைத்துவிட்டார்.

"வைரஸ், வேவு, பென் டிரைவ், வெளியே இருந்து வர்றது, உள்ளே இருந்து போறது, எல்லாத்தையும் ஒரே நிரல் பாத்துக்கும்மா. ஒரே மருந்து" என்றார் அவர்.

"எல்லா நோய்க்கும் ஒரே மருந்து விக்கறவரை பஸ் ஸ்டாண்டுல நானும் பாத்திருக்கேன்" என்றார் மெஷின்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. "சார், மூணு பேர் பாத்தா ஒருத்தர் கண்ணுல படாதது இன்னொருத்தர் கண்ணுல படும். எல்லாத்தையும் ஒருத்தர் தலையில கட்டிட்டு, அவரே கண் அசந்துட்டா?"

"நியாயமான கேள்விதான்" என்றார் ஒரே மருந்து. "ஆனா உங்க மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதே இல்லையேக்கா. ஒருத்தர் பிடிச்சு வெச்சதை இன்னொருத்தர் திருடன்னு பிடிக்கறார். ரெண்டாவது ஆளோட பட்டியல் எப்ப வந்ததுன்னு பாத்தீங்களா? போன வருஷம். மூணு காவல் இருக்குன்னு நீங்க நினைச்சிட்டிருக்கீங்க. ஒண்ணேகால்தான் இருக்கு."

அவர் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு நாளும் எதையாவது சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்தாள். கணினி பழசு, தாங்காது என்றாள். புதுசு வாங்கிடலாம் என்றாள் சின்ன முதலாளி. எனக்குப் பழக நாளாகும் என்றாள். "நீங்களா? பத்து நிமிஷம் ஆகும்" என்றாள் சின்ன முதலாளி. கடைசியில் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. முதல் இரண்டும் போவதில் அவளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல முடியாமல் கிண்ணங்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரே மருந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் காவலை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதில் கை நின்றது.

"இது யார் எழுதினதுக்கா?"

"வீட்டுப் பையன் ஒருத்தன். பழசு சார், ஒன்பது வருஷம் ஆச்சு."

"பழசா? இதோட பட்டியல் போன செவ்வாய்க்கிழமை வந்திருக்கே."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வரிசையாகத் தேதிகள். போன செவ்வாய், அதற்கு முந்தின செவ்வாய், அதற்கும் முந்தினது, கீழே போகப் போக ஒன்பது வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"யாரோ ஒரு ஆள் வாரா வாரம் உக்காந்து இதுக்குப் புதுப் பட்டியல் போட்டுட்டே இருக்கார்" என்றார் ஒரே மருந்து. "வாங்கறது உலகத்துலேயே இந்த ஒரு மெஷின்தான்னு நினைக்கிறேன்."

அக்கா தேதிகளை மேலிருந்து கீழே மறுபடி படித்தாள். ஒன்பது வருஷமாக அவள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள், இரண்டு சொல்லைப் படித்திருக்கிறாள். உள்ளே இப்படி ஒன்று வந்து போவது அவளுக்குத் தெரியாது. "எங்கே இருந்து வருது சார்?" என்று கேட்டாள்.

அவர் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வாடகைக்கு எடுத்த இடம்க்கா, பெட்டி மாதிரி. எங்கே உக்காந்தும் இதுல போடலாம். ஆள் எங்கேன்னு இது சொல்லாது." பிறகு பட்டியலையே திறந்தார். திறந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "என்னக்கா இது, இப்படிப் பேர் வெச்சிருக்கார்?"

கெட்ட நிரல் ஒவ்வொன்றுக்கும் கண்டுபிடித்தவர் பெயர் வைப்பது வழக்கம். பக்கத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு வரி. ஒரே மருந்து உரக்கப் படித்தார். "கிளம்பறேன் சித்தி: போகிறேன் என்று சொல்லும், போகாது. நாளைக்கு மாமா: எதைக் கேட்டாலும் தள்ளிப்போடும், மெஷின் மந்தமாகும். பெரியத்தை நாலு: ஒன்று நுழைந்தால் பின்னாலேயே இருபது பேரைக் கூட்டிவரும். ஊதுகுழல் பெரியப்பா: உள்ளே கேட்டதை எல்லாம் வெளியே அனுப்பும்."

மெஷின்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார். அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. கிளம்பறேன் சித்தி அவர்கள் அம்மாவின் கடைசித் தங்கை. விடைபெற்றுக்கொண்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் நிற்பாள். நாளைக்கு மாமா பெரியத்தையின் வீட்டுக்காரர், வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொன்ன சைக்கிளைத் தம்பிக்கு மீசை முளைக்கிற வரைக்கும் வாங்கிக் கொடுக்கவில்லை. ஊதுகுழல் பெரியப்பாவிடம் ஒரு ரகசியம் சொன்னால் மத்தியானத்துக்குள் நாலு தெரு சுற்றி வந்துவிடும். அன்றைக்கு அவனைத் தூற்றிய ஒருத்தர் விடாமல் எல்லாரையும் பூச்சியாக்கி வைத்திருந்தான்.

"இன்னும் கீழே போங்க சார்" என்றாள். அவர் போனார். ஒன்றுவிட்ட அண்ணன்கள், அவர்கள் பெண்டாட்டிகள், அண்டைவீட்டு வாத்தியார் கூட இருந்தார். அவள் ஒரு பெயரைத் தேடினாள். அவளுடையது அங்கே இல்லை. மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தைப் பெயர் வைத்துத் தீர்த்துக்கொண்டான். அக்காவை என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

"இன்னொண்ணு பாருங்க" என்றார் ஒரே மருந்து. "இது எதையாவது பிடிச்சா, பிடிச்சதை எழுதினவருக்கே அனுப்பி வைக்கும். அப்படி ஒரு வழி வெச்சிருக்கார். ஆனா முதல் மாசத்துக்கு அப்புறம் இங்கேயிருந்து ஒண்ணுகூடப் போகலையே."

"ஏன் போகலை?"

"மூணாவதா வெச்சிருக்கீங்க இல்ல? முன்னாடி ரெண்டு பேரும் அள்ளி முடிச்சப்புறம் இதுக்கு என்ன கிடைக்கும்? முதல்ல வெச்சிருந்தா வாராவாரம் நாலு அஞ்சு போயிருக்கும்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி பொத்தானைக் காட்டிய அன்றைக்கு, "முதல்ல இதை ஓட்டுங்க, அப்புறம் மத்தது" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினாள். ஆனால் அவனுடைய இரண்டு சொல் முதலிலேயே வந்துவிட்டு, அப்புறம் மற்ற இரண்டின் சிவப்பும் மஞ்சளுமான கட்டங்கள் வந்து திரையை மறைத்துக்கொண்டன. அதைக் கடைசியாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வரிசையை மாற்றியவள் அவள்தான். அந்த ஒரு மாதத்துக்கு அப்புறம் அவன் பக்கத்துக்கு எதுவும் போகவில்லை. ஒன்பது வருஷமாக அவன் வாராவாரம் போட்டுக்கொண்டே இருந்தான். இங்கேயிருந்து ஒரு பூச்சிகூடப் பதிலுக்குப் போகவில்லை.

சின்ன முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "முடிஞ்சுதா?"

"இதை ஒண்ணும் பண்ண வேணாம்மா" என்றார் ஒரே மருந்து. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "புது நிரல்ல விதிவிலக்குன்னு ஒரு இடம் இருக்கு. அதுல போட்டுட்டா இதைத் தொடாது. ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

"விதிவிலக்கு வேணாம் சார்" என்றாள் சின்ன முதலாளி. "எங்கப்பா காலத்துல ஒரே ஒரு பென் டிரைவை சோதிக்காம விட்டாங்க. ஆறு மெஷின் போச்சு. அக்காவுக்குத் தெரியும், அவங்க தம்பிதான். அக்கா, தப்பா நினைக்காதீங்க."

நியாயமான பேச்சு. அதில் ஒரு சொல்தான் பொய். அந்தப் பொய்யை அவள் ஒன்பது வருஷமாக நின்று கேட்டிருக்கிறாள்.

"தம்பி இல்லம்மா" என்றாள். "அன்னைக்கு விட்டது நான்."

மெஷின்காரர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மேசைமேல் வைத்தார்.

"என் கொழுந்தன் கொண்டுவந்தது. நம்ம ஆளுன்னு சோதிக்காம உள்ள குடுத்தேன். தம்பி அதைப் பாத்துட்டு, தான் செஞ்சதா சொல்லிட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

சின்ன முதலாளி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "எங்கப்பா இன்னைக்கு வரைக்கும் அவரைத்தான் திட்டறார்."

"தெரியும்மா."

"இதை ஏன் இப்ப சொல்றீங்க?"

"ஒரு தடவை நம்ம ஆளுன்னு விட்டதுக்கு இவ்வளவு ஆச்சு. மறுபடியும் நம்ம ஆளுன்னு விதிவிலக்கு கேட்டு நிக்க எனக்கு வாய் வரலை. இங்கேயிருந்து எடுத்துடுங்க. ஆனா அழிச்சுடாதீங்க. இந்தப் பழைய மெஷினை எனக்குக் குடுங்க. எனக்கு இந்த மேசை வேணாம்னு நீங்க சொன்னாலும் சரிதான்."

சின்ன முதலாளி பழுப்பேறிய அந்தக் கணினியைப் பார்த்தாள். "அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை வரேன்."

"எடுத்துட்டுப் போங்க. திங்கட்கிழமை நேரத்தோட வந்துடுங்க, புதுசைப் பழகணும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மெஷின்காரர்தான் கணினியைத் தன் வண்டியில் கட்டி வீட்டில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அது பெரிய சாதனை. ஞாயிற்றுக்கிழமை அவள் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "நல்லா வேலை தெரிஞ்ச பையன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில், மகள் கல்யாணமாகிப் போன பிறகு சும்மா கிடந்த அறையில் கணினியை வைத்து, அங்கே ஏற்கெனவே இருந்த நெட் இணைப்பையும் மாட்டினாள். கணவர் விந்தி விந்தி வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நம்ம வீட்டுக்கு எதுக்குக் காவல்? இங்கே திருட என்ன இருக்கு, என்னைத் தவிர?"

"உங்களைக் கொண்டு போனவன் மறுநாளே திருப்பி விட்டுட்டுப் போவான். தள்ளுங்க."

ஒரே மருந்து போகும்போது ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த நிரல் தானாகப் பிடித்தால்தான் அனுப்பும் என்றில்லை. சந்தேகமானது என்று நாமே ஒரு கோப்பைப் பிடித்துக் கொடுத்தால் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவள் உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தாள். அச்சகத்துக்காரி, தட்டச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் நாலு வரிக்கு அந்த ஞாயிறு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. "அன்றைக்கு விட்டது நான்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்ன வரிசையையும் மாற்றி வைத்துவிட்டேன், அதனால்தான் உனக்கு ஒன்றும் வரவில்லை. வேறு காரணம் இல்லை." அந்தக் கோப்பைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் பட்டியலைத் திறந்தாள். புதிதாக ஆறு வரி. பெயர் ஒன்றும் இல்லை, வெறும் எண்கள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக எல்லாமே வெறும் எண்கள். படித்துவிட்டானா, படித்துக் கோபப்பட்டானா, கடிதம் போய்ச் சேராமல் எங்கேயோ சிக்கிக்கொண்டதா, ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு அச்சகத்தில் புதுக் காவல் ஒரே நிமிடத்தில் ஒவ்வொரு பென் டிரைவாகச் சோதித்துத் தள்ளியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வரும், அவ்வளவுதான். அவள் கை மட்டும் பழக்கத்தில் கண்ணாடியை இறக்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரமும் எண்கள்தான். மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தவளுக்கு, அதையே திரும்பச் சொல்ல வரவில்லை. அவனுக்கு யார் என்ன ஆனார்கள் என்றாவது தெரிய வேண்டாமா என்று தோன்றியது. உறவுக்காரர்களைப் பற்றி எழுதினாள். கிளம்பறேன் சித்திக்கு இப்போது காது கேட்பதில்லை, அதனால் விடைபெற இரண்டு மணி நேரம் ஆகிறது. ஊதுகுழல் பெரியப்பா தன் பேரன் கல்யாணப் பேச்சை ஊரெல்லாம் ஊதி, பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். நடுத்தம்பி வீடு மாற்றிவிட்டான், புது வீட்டு மாடிப்படியில் ஆள் குனிந்துதான் ஏற வேண்டும். நாளைக்கு மாமா போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார், கஷ்டப்படவில்லை. அப்புறம் திங்கட்கிழமை தோறும் இதுவே வேலையாயிற்று. "அந்தச் சனியன் பிடிச்ச மெஷினுக்குச் சொல்ற கதையில பாதியாவது எனக்குச் சொல்லேன்" என்று கணவர் முறையிட்டார். அவருக்கும் எல்லாம் தெரியும். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாடிப்படியில நான் தலையை இடிச்சுக்கிட்டதையும் எழுது" என்று சொல்லிக் கொடுப்பார்.

ஒரு செவ்வாயன்று மறுபடி பெயர்கள் வந்தன. பெரியத்தை ஏழு. கிளம்பறேன் சித்தி, பக்கத்தில் "இப்போது கூப்பிட்டாலும் கேட்காது" என்று ஒரு வரி. தற்செயலாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய பட்டியலைத் திறந்து பார்த்தாள். நாளைக்கு மாமா என்று இருந்த இடத்தில் எல்லாம், செத்துப்போனவர் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தது. அதைத் தற்செயல் என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் முடியும் என்றும் ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பேரனைப் பற்றி எழுதினாள். மகளுக்குப் பிறந்து ஏழு மாதம். மாமன்தாத்தா ஒருவன் இருக்கிறான் என்பதே அதற்குத் தெரியாது. அழ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும், அதனால் எல்லாருமாகச் சேர்ந்து பீரங்கி என்று கூப்பிடுகிறோம் என்று எழுதினாள். இதை உறவில் வேறு யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது. யாரோடும் அவனுக்குப் பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வரவே இல்லை. ஒன்பது வருஷத்தில் தப்பாத செவ்வாய். அன்றைக்கு அச்சகத்தில் அவள் இரண்டு பேரின் பென் டிரைவை மாற்றிக் கொடுத்துவிட்டாள். மெஷின்காரர் கேலி செய்யாமல் போய் மாற்றி வாங்கி வந்தார்.

மறுநாள் காலையில் அவள் சும்மாதான் அந்த அறையைப் பெருக்கப் போனாள். கணினியையும் சும்மாதான் போட்டாள். பட்டியல் ஒரு நாள் தாமதமாக வந்து கிடந்தது. ஒரே ஒரு புது வரி.

பீரங்கி ஒன்று: அளவில் சிறியது, சத்தம் அதிகம், ஆபத்து இல்லை, யாரும் அழிக்க வேண்டாம்.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவரைக் கூப்பிட்டாள், அவர் வந்து படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை படித்தார். "எங்கே இருக்கானாம்?" என்று கேட்டார்.

"அதைச் சொல்லலை."

"கேட்டியா?"

இத்தனை வாரத்தில் அதை மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்டு, அதற்கு அவன் பதில் சொல்லாமல் விட்டுவிட்டால், இருக்கிற இதுவும் போய்விடுமோ என்ற எண்ணம்தான். இப்போது திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் ஒரு கோப்பைத் திறந்தாள். பீரங்கிக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது என்று எழுதினாள். கொஞ்ச நேரம் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, எங்கே இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி அடித்தாள். அழித்துவிடலாமா என்று நினைத்தாள். அழிக்கவில்லை. சந்தேகத்துக்குரியது என்று குறித்து அனுப்பிவிட்டு எழுந்து வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்குப் புதன்கிழமை. செவ்வாய் வர இன்னும் ஆறு நாள் இருந்தது.